ஒரு லைன், இரண்டு அறை

கேபிளின் சாம்பல் நிறத் தோலை உரித்தபோது உள்ளே எட்டு ஒயர்கள் இருந்தன. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஜோடி. ஒயர்மேன் நடையில் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முப்பது வருஷமாக அவர் கைக்குப் பழகியதெல்லாம் கனத்த ஒயர். மோட்டாருக்கு, வெந்நீர் ஹீட்டருக்கு, ஏசிக்கு. இது என்னடா என்றால் தலைமுடிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. இதற்குப் போயா அந்த ஆள் அவ்வளவு பேசினான் என்று நினைத்துக்கொண்டார்.

பேசியது கம்ப்யூட்டர் கடைக்காரர். "உங்க மோடத்துல ஒரே ஓட்டைதாங்க. ஒரு மெஷினுக்குத்தான் நெட் லைன் வரும். கம்ப்யூட்டருக்கும் வேணும், கேம் பொட்டிக்கும் வேணும்னா ரௌட்டர் போட்டே ஆகணும்" என்று சொல்லி, கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒயர்மேன் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இரண்டு முறை திருப்பி, பூப்போல அதே இடத்தில் வைத்தார். கையில் காசு ஓடாத காலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசு மட்டுமே காரணம் என்றால் அது பொய். அவர் ஒயர் இழுத்துக் கொடுத்த வீடுகளைச் சேர்த்தால் ஒரு சின்ன ஊரே தேறும். அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஒயரிங்கை ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து செய்து கொடுப்பதா? ஒரு லைனில் இரண்டு பல்பு எரியாதா? எரிய வைத்துத்தானே இத்தனை வருஷம் சோறு தின்றார்.

ஆகவே அவர் கேபிள் ஒரு சுருளும் அதன் முனையில் மாட்டும் கிளிப் நான்கும் மட்டும் வாங்கினார். கிளிப் அடிக்கும் குறடை அரை மணி நேரத்துக்கு இரவல் கேட்டார். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு தகவலையும் இலவசமாகக் கொடுத்தார். எட்டு ஒயரில் நாலுதான் வேலை செய்யும், மீதி நாலு சும்மா துணைக்கு. ஒயர்மேனுக்குச் சிரிப்பு வந்தது. எந்த வேலைக்குப் போனாலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேலை சுத்தமாகத்தான் முடிந்தது. டெலிபோன் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடம் நடையின் கோடியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். மோடம் அங்கேதான் ஆணியில் தொங்கியது. அதிலிருந்து வரும் கேபிளை நறுக்கி, நாலு ஒயரையும் நாலு ஒயரோடு முறுக்கி, ஒரு கிளை இடப்பக்க அறைக்கு, ஒரு கிளை வலப்பக்க அறைக்கு. இடப்பக்கம் மகளின் கம்ப்யூட்டர். போட்டுப் பார்த்தார், பக்கம் திறந்தது. அணைத்துவிட்டு வலப்பக்க அறைக்குப் போய்த் தம்பியின் கேம் பெட்டியைப் போட்டார். பச்சைப் புல்தரையும் பதினோரு ஆட்களும் வந்து நின்றார்கள். குறடைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். "ஆச்சா?" என்றார் கடைக்காரர். "ஆகாம?" என்றார் இவர். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு பல்பைப் போட்டால் இன்னொன்று அணையும் என்று எந்த ஒயர்மேன்தான் நினைப்பான்?

வீட்டில் இரண்டு பேருக்கும் அந்த லைன் வேண்டியிருந்தது. சும்மா பொழுதுபோக்குக்கு என்றால் அவர் இத்தனை பாடுபட்டிருக்க மாட்டார். மகள் படிப்பை முடித்து எட்டு மாதம் ஏறி இறங்கி, கடைசியில் வீட்டிலிருந்தபடியே பார்க்கும் ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விக்குத் தட்டச்சில் பதில் சொல்ல வேண்டும். முதலில் மூன்று நாள் சோதனை. முதல் இரண்டு நாள் காலையிலும் மத்தியானத்திலும் மும்மூன்று மணி நேரம். மூன்றாம் நாள் காலை இரண்டு மணி நேரம், பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேலாளரோடு அரை மணி நேரம் நேரடிப் பேச்சு. வேலை தெரிந்தால் மட்டும் போதாது. மூன்று தடவைக்கு மேல் லைன் அறுந்தால் அந்த நிமிஷமே பெயரை அடித்துவிடுவார்கள். மகள் அதைப் படித்துக் காட்டியபோது ஒயர்மேனின் மனைவி, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்ப்பவள், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க என்னமும் பண்ணுங்க. அவ வேலைல மட்டும் கைய வெச்சிறாதீங்க."

தம்பியின் கதை வேறு. அவன் ஒயர்மேனைவிடப் பதினாறு வயது இளையவன். அப்பா போனபின் இவர் தோளில் வளர்ந்து, இவரிடமே தொழில் பழகி, இவருக்குப் பயமான உயரமெல்லாம் தனக்குப் பயமில்லை என்று ஏறியவன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குடோனில் விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தான். முதுகெலும்பு. இப்போது உட்கார முடியும், சக்கர நாற்காலியில் நகர முடியும், கால் இரண்டும் கேட்பதில்லை. கால் போனதைவிட வாய் போனதுதான் வீட்டுக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டால் "ம்", இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பிசியோதெரபி பெண்மணிதான், விரலுக்கு வேலை கொடுக்க ஏதாவது விளையாடட்டும் என்று சொன்னாள். யாரோ வேண்டாமென்று போட்ட பழைய கேம் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. லைன் வந்த அன்று தம்பி காதில் ஹெட்செட்டை மாட்டினான். எங்கோ இருக்கும், "பேட்டரி" என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆளோடு பந்து விளையாடினான். கொஞ்ச நேரத்தில் அந்த அறையிலிருந்து, "டேய் பேட்டரி, சார்ஜ் போட்டுட்டு வாடா" என்று குரல் வந்தது. பின்னால் ஒரு சிரிப்பு. ஒயர்மேன் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அவருக்கு மட்டும் தெரியும். அல்லது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். தம்பி மேலே ஏறி வேலை பார்க்கும்போது இருவருக்கும் ஒரு வழக்கம். ஒவ்வொரு முறை கையை எட்டி நீட்டுவதற்கு முன்னும் அவன் மேலிருந்து, "புடிச்சிருக்கியாண்ணே?" என்பான். இவர் கீழிருந்து, "புடிச்சிருக்கேன்" என்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை. அன்றைக்கும் அவன் கேட்டான். அந்த நேரம் பார்த்து இவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள். கடைசிப் பரீட்சை முடிவு வரும் நாள். இவர் ஒரு கையை எடுத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு, "புடிச்சிருக்கேன்" என்றார். "அப்பா, பாஸ்பா" என்று மகள் சொல்லி முடிக்கவும் ஏணி நகரவும் சரியாக இருந்தது. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, அதுதான் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். மனைவியிடமும் அதுதான், மகளிடமும் அதுதான். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. அவனும் எதுவும் கேட்கவில்லை. மேலிருந்து கீழே பார்த்தானா, பார்க்கவில்லையா? எட்டு மாதமாக இந்த ஒரு கேள்வி அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

சோதனையின் முதல் நாள், பத்து மணிக்கு மகள் தலையைப் படிய வாரிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பத்தேகாலுக்குத் தம்பி கண்விழித்து, கேம் பெட்டியின் பொத்தானை அழுத்தினான். அடுத்த நொடி இடப்பக்க அறையிலிருந்து "ஐயோ" என்று சத்தம் வந்தது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. ஒயர்மேன் ஓடிவந்து குனிந்தார். விளக்கைத் தட்டினார், ஊதினார், முறுக்கிய இடத்தை அழுத்தினார். தம்பி சலித்துப்போய்ப் பெட்டியை அணைக்க, விளக்கு தானாக எரிந்தது. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. மத்தியானம் மூன்றரைக்குத் தம்பி மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது. அப்போதுதான் உறைத்தது. இது கரண்ட் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இதற்குக் காது கேட்காது போலிருக்கிறது. முப்பது வருஷ அனுபவம் ஒரு ஒயர் கட்டு முன்னால் பல்லிளித்துவிட்டது.

"என்னப்பா ஆச்சு? ரெண்டு போயிருச்சு. இன்னும் ஒண்ணுதான்ப்பா பாக்கி" என்று மகள் அறை வாசலில் நின்றாள். அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"லைன் ஆபீஸ்ல ஏதோ ரிப்பேராம்மா. நான் கேட்டுட்டேன். நாளைக்குச் சரியாயிரும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எண்ணெய் சிந்திய அதே சுலபத்தோடு சொல்லிவிட்டது. மகள் அதை நம்பி, கம்பெனிக்கு ஒரு மெயிலும் எழுதிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒரு சேஞ்சோவர் கிடந்தது. ஒரு கிளினிக்கில் புதுசு மாட்டும்போது கழற்றியது. கரண்ட் போனால் கைப்பிடியைத் தள்ளி ஜெனரேட்டருக்கு மாற்றுவார்களே, அந்தச் சாமான். நாலு ஒயருக்கு நாலு முனை. அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. மோடத்துக்குக் கீழே அதை முடுக்கி, ஒயர்களைப் பொருத்தினார். கைப்பிடி மேலே போனால் லைன் மகளுக்கு. கீழே வந்தால் தம்பிக்கு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான், சண்டை இல்லை. மகளுக்கு இடைவேளை வரும்போதெல்லாம் தம்பிக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். மனைவி வந்து, "இதென்ன, வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கப்போறீங்களா?" என்று கேட்டாள். "லைன் ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். ஆகாத பொய்களையெல்லாம் லைன் ஆபீஸ் தலையில் கட்டுவது ஒரே நாளில் பழகிவிட்டது.

இரண்டாம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. நடையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம் விசைப்பலகையின் படபடப்பு. வலப்பக்கம் தம்பி ஒரு தடவை, "நெட் போயிருச்சுண்ணே" என்றான். "வரும்ப்பா" என்றார். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். விரலுக்குப் பயிற்சி செய்யும் ரப்பர் பந்து உருண்டு கதவோரம் வந்து நின்றது. ஒயர்மேனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் எடுத்து, கட்டிலருகே வைத்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நடையில் "டக்" என்றது. கைப்பிடி தானாகக் கீழே விழுந்திருந்தது. மேல்பக்கத்துப் பிடி தேய்ந்துபோன சாமான். அதனால்தானே கிளினிக்காரர்கள் கழற்றிப் போட்டார்கள். அது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அப்பா" என்றாள் மகள். இந்த முறை சத்தமே இல்லை. "மூணு."

ஓடிவந்து கைப்பிடியை மேலே தள்ளினார். டேப் சுற்றிக் கட்டினார். டேப் கைப்பிடியைத்தான் பிடித்தது, உள்ளே தேய்ந்த தகட்டை அல்ல. லைன் திரும்பப் பிடிக்காமல் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபோது மட்டும் ஒரே சீராக எரிந்தது. விட்டால் மறுபடி பிடிக்குமோ என்னவோ என்று இடைவேளையிலும் கையெடுக்காமல், அன்று முழுவதும் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு இடது கையால். தோள்பட்டை கழன்று விழும்போல் வலித்தது. ஆறு மணிக்கு மகள் கம்ப்யூட்டரை அணைத்தபோதுதான் கையை எடுத்தார். விரல்கள் சிறிது நேரம் மடங்கியபடியே இருந்தன.

தம்பி அறையிலிருந்து, திரும்பாமலே கேட்டான்: "என்னண்ணே டக்குடக்குன்னு சத்தம்?"

"கதவுத் தாழ்ப்பா லூசா இருக்கு."

தம்பி, "ம்" என்றான். அவனும் பத்து வருஷம் இதே தொழிலில் இருந்தவன் என்பது ஒயர்மேனுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை கட்டைவிரல் அழுத்தத்திலேயே ஓடியது. ஒரு குறையும் இல்லை. மகள் வெளியே வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, "நல்லாப் பேசிருவேன்லப்பா?" என்று கேட்டாள். அவள் நடையைக் கடக்கும்போது சேஞ்சோவரைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. சில நேரம் பிள்ளைகள் கேட்காமல் இருப்பதுதான் பெற்றவருக்கு அதிக பயம். நாலு மணிக்குள் இந்தச் சனியன் பிடித்த சாமானை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, மகளின் ஒயரை மோடத்து ஒயரோடு நேராக முறுக்கிவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். பத்து நிமிஷ வேலை. தம்பிக்கு இன்று ஒருநாள் லைன் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு எப்படியாவது அந்தக் கறுப்பு டப்பாவை வாங்கிவிடலாம், கௌரவமாவது ஒன்றாவது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அண்ணே. இன்னைக்கு லைன் இருக்குமா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் தனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்கிறான். ஒயர்மேன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "இருக்கும்ப்பா" என்று சொல்லிக் கைப்பிடியைக் கீழே தள்ளினார். மூன்றரை வரைக்கும் விளையாடட்டும். மூன்றரைக்கு எடுத்தாலும் நேரம் தாராளம்.

பேட்டரி வந்துவிட்டான் போலிருந்தது. கொஞ்ச நேரம் பந்து, கொஞ்ச நேரம் வசவு, கொஞ்ச நேரம் சிரிப்பு. ஒயர்மேன் முக்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை வெயில் காய்வதுபோலக் காய்ந்தார். மூன்றேகாலுக்குப் பந்துச் சத்தம் நின்றது. ஆட்டம் முடிந்துவிட்டது, இனி எடுத்துவிடலாம் என்று குனிந்தார். தம்பி பேசிக்கொண்டிருந்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லடா. பொறப்புல இருந்து இல்ல. எட்டு மாசமாத்தான். ... விழுந்துட்டேன்."

ஒயர்மேனின் கை அப்படியே நின்றது. பேட்டரி என்ன கேட்கிறான் என்பது அவருக்குக் கேட்காது. தம்பியின் பாதிதான் கேட்கும். பெற்ற தாய்க்குச் சமமான அண்ணியிடம் சொல்லாததை, மருத்துவரிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவனிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். குடோன் எவ்வளவு உயரம் என்றான். எந்த விளக்கை மாட்டினான் என்றான். முதல் ஒரு மாதம் கால் நன்றாக இருப்பதாகவே தோன்றி நடு ராத்திரி இறங்கப் பார்த்ததைச் சொன்னான். அண்ணன் மகள் பாப்பா வேலைக்குப் போகப்போகிறாள், அவள் முதல் சம்பளத்தில் தனக்கு என்னவெல்லாம் வாங்கித் தருவதாகப் பட்டியல் போட்டிருக்கிறாள் என்றான். மூன்றரை ஆயிற்று. எடுத்துவிட வேண்டும் என்று ஒயர்மேனுக்குத் தெரியும். கை வரவில்லை. இப்போது அறுத்தால் அவன் மறுபடி எப்போது பேசுவான்? பேசுவானா? இன்னும் ஐந்து நிமிஷம். இன்னும் ஐந்து. மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. இனி ஒயரை முறுக்க நேரமில்லை, கைப்பிடியை அழுத்திப் பிடித்துத்தான் ஓட்டியாக வேண்டும். அரை மணி நேரம்தானே. நேற்று முழு நாள் பிடிக்கவில்லையா?

இடப்பக்க அறையில் நாற்காலி நகர்ந்தது. மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்பா, இன்னும் நாலு நிமிஷம். லைன் காட்டலையேப்பா."

"வந்துரும்மா. இதோ."

வலப்பக்கம் தம்பி சொன்னான்: "அதெல்லாம் இல்லடா. ஏணி நல்ல ஏணிதான். எங்க அண்ணன்தான் கீழ புடிச்சுக்கிட்டிருந்தாரு."

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டுக்கு இரண்டு கோடு முன்னால் நின்றது.

"எண்ணெய் சிந்திருந்துச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியிறாரு, பாவம். நான் மேல இருந்து பாத்தேன்ல. கேட்டேன், புடிச்சிருக்கியாண்ணேன்னு. கேட்டுட்டு, குனிஞ்சு பாத்தேன். பாத்தா..."

"அப்பா" என்றாள் மகள்.

ஒயர்மேன் கைப்பிடியை மேலே தள்ளினார். டக்.

பச்சை விளக்கு ஒருமுறை துடித்தது. கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். நின்று எரிந்தது. இடப்பக்க அறையில், அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பெரிய மனுஷிக் குரலில், "வணக்கம் மேடம், நல்லாக் கேக்குது" என்று மகள் ஆரம்பித்தாள்.

வலப்பக்கம், "ஹலோ" என்றான் தம்பி. "டேய் பேட்டரி. ஹலோ." அப்புறம், ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம். ஒயர்மேன் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தா என்ன? என்ன பார்த்தான்? ஒரே ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மகளின் வேலை போயிருக்கும். அன்றைக்கும் இவள்தான், இன்றைக்கும் இவள்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் உள்ளே உட்கார்ந்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்த பொருளுக்குக் கோபப்படும் வாடிக்கையாளரை எப்படிச் சமாதானம் செய்வது என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலின் கம்பி முனகியது. பிறகு சக்கரம் உருளும் சத்தம். யாராவது தூக்கி உட்கார வைத்தால்தான் நாற்காலிக்கு வருவான், இத்தனை நாளும் அப்படித்தான். இப்போது தானாக எப்படி இறங்கினானோ. போய்ப் பிடிக்க வேண்டும் என்று உடம்பு பதறியது. ஆனால் கட்டைவிரலை எடுக்க முடியாது. கதவு முழுதாகத் திறந்தது. தம்பி நடைக்கு வந்து, அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றான். மோடத்தைப் பார்த்தான். சேஞ்சோவரைப் பார்த்தான். டேப் சுற்றிய கைப்பிடியையும் வெளுத்துப்போன கட்டைவிரலையும் பார்த்தான்.

"தாழ்ப்பா" என்றான்.

ஏதாவது சொல்ல வேண்டும். லைன் ஆபீஸ் என்றுகூட இப்போது வாயில் வரவில்லை.

அப்போது பார்த்து அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவியாகத்தான் இருக்கும். நாலு மணிக்கு அவளுக்கு டீ நேரம், என்ன ஆச்சு என்று கேட்பாள். சின்ன நடை, சத்தம் சுவருக்குச் சுவர் முட்டியது. இடது கை தன் பழக்கத்தில் பையை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. போய், அந்தரத்தில் நின்றது. தம்பி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். எட்டு மாதத்தில் அவன் அவரை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"புடிச்சிருக்கியாண்ணே?" என்றான். மேலே நின்றுகொண்டு, கையை எட்டி நீட்டுவதற்கு முன்னால் கேட்கும் அதே குரல்.

ஒயர்மேன் போனை அடிக்கவிட்டார். அந்தரத்தில் நின்ற இடது கையைக் கொண்டுவந்து வலது கைமேல் வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தினார். உள்ளே மகள் பேசிக்கொண்டே இருந்தாள். போன் அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. தம்பி நகரவில்லை, அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.